ஆஸ்பத்திரி சீரியலும் அப்பாவின் அல்சரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க டிவி தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை என் தங்கை திருச்சியிலிருந்து போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். “அக்கா, உன்னைத்தான் திட்டியிருக்கிறார்கள்” என்று கீழே ஒரு வரி வேறு. படித்தேன். அமெரிக்காவின் முதல் ஆஸ்பத்திரி சீரியல் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ என்று எழுதியிருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய சீரியலை மறுபடி உட்கார்ந்து பார்ப்பவர்கள் வேலைவெட்டி இல்லாத கிழங்கள் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டாவதில் எனக்கு வருத்தமில்லை. வயது 74, வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. முதலாவதை மட்டும் விட மனசில்லை.

ஜெனரல் ஹாஸ்பிடல் ஏபிசி சேனலில் ஆரம்பித்தது 1963 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. அதே திங்கட்கிழமைதான் என்பிசி சேனலில் ‘தி டாக்டர்ஸ்’ ஆரம்பித்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மார்ச் 29 அன்று, அதே என்பிசியில் ‘யங் டாக்டர் மலோன்’ முடிந்தது. அது 1958லிருந்து டிவியில் ஓடியது, அதற்கும் முன்னால் ரேடியோவில் ஓடியது. ஆக, முதல் என்ற பட்டம் இரண்டுக்கும் கிடையாது. ஜெனரல் ஹாஸ்பிடல் இன்றைக்கும் ஓடுவதால் அதன் பெயர் எல்லோர் வாயிலும் வருகிறது. தி டாக்டர்ஸ் 1982 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் பகல்நேரத் தொடர்களில் சிறந்தது என்று 1972ல் முதன்முதலாக டிவிக்கான எம்மி விருது கொடுத்தார்களே, அதை வாங்கியது இந்தத் தொடர்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்று கேட்பீர்கள். 1974ல் கல்யாணமாகி நான்கே மாதத்தில் உறையூரிலிருந்து நியூயார்க் புரூக்ளினுக்குப் போனேன். வீட்டுக்காரர் ஸ்டான்லியில் படித்துவிட்டு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர். முப்பத்தாறு மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு வருவார், ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்குவார். என் விசாவில் வேலை பார்க்க முடியாது. ஹோலி கிராஸில் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள்தான், ஆனால் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு கடைக்காரனிடம் அரை டஜன் முட்டை வாங்க முடியவில்லை. அவன் பேசுவதும் புரியாது, நான் பேசுவதும் அவனுக்குப் புரியாது.

எதிர் வீட்டில் ஒரு கோட்டயத்து நர்ஸ். அவள்தான் பழைய டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து வைத்து, நாலாம் சேனலைத் திருப்பி, “மத்தியானம் இரண்டரைக்கு ‘தி டாக்டர்ஸ்’ வரும், அதைப் பார், இங்கிலீஷ் தானாக வரும்” என்றாள். வந்தது. ‘ஸ்டாட்’ என்றால் ‘உடனே’ என்று அங்கேதான் கற்றேன். ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும் “காப்பி ஸ்டாட்டா, குளித்துவிட்டா?” என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதை நடக்கும் இடம் ஹோப் மெமோரியல் ஆஸ்பத்திரி. பெரியவர் மாட் பவர்ஸாக ஜேம்ஸ் பிரிட்செட். டாக்டர் அல்தியா டேவிஸாக எலிசபெத் ஹப்பர்ட். 1974ல் அவருக்கும் எம்மி கிடைத்தது. மூளை ஆபரேஷன் டாக்டர் நிக் பெலினியாக ஜெரல்ட் கார்டன். அல்தியாவும் நிக்கும் சேருவதும் பிரிவதுமாக வருஷக்கணக்கில் எங்களைப் படுத்தினார்கள். தொடரை நடத்தியது கால்கேட்-பாமாலிவ் கம்பெனி. இலங்கை வானொலியில் பாட்டுக்கு நடுவே கோபால் பல்பொடி கேட்டு வளர்ந்த எனக்கு, ஆபரேஷனுக்கு நடுவே சோப்பு வந்தது ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை.

லேடி டாக்டரைப் பார்த்து அங்கே மூக்கின்மேல் விரல் வைத்ததுதான் எனக்குப் புதுசு. அன்றைக்கு அமெரிக்க டாக்டர்களில் பத்துக்கு ஒருவர்கூடப் பெண் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி 1912லேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து முடித்த ஊர்க்காரி நான். எங்கள் தெருவில் பிரசவம் பார்த்ததே லேடி டாக்டர்தான்.

இன்னொன்றும் உறுத்தியது. 1965ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபிறகு எங்களைப் போல எத்தனை பேர் போனோம்! வீட்டுக்காரர் வேலை பார்த்த வார்டில் ராத்திரி டியூட்டி முழுக்க இந்தியா, பிலிப்பைன்ஸ், கொரியாதான். ஹோப் மெமோரியலில் நான் பார்த்த வரையில் அப்படி ஒரு முகம்கூட இல்லை. அவரிடம் சொன்னேன். “அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் காதலிக்கப் போய்விடுகிறார்களே, நோயாளியை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தாய்? நாங்கள்தான், காமிராவுக்கு வெளியே” என்றார்.

வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலம். ஒரு நாள் விட்டால் விட்டதுதான். அதனால்தான் 2014ல் ரெட்ரோ டிவி என்ற சேனல் தி டாக்டர்ஸை மறுபடி போட ஆரம்பித்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. 1967 டிசம்பர் எபிசோடிலிருந்து ஆரம்பித்தார்கள். மகன் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக் கொடுத்தான். வீட்டுக்காரர் போனபிறகு தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கோட்டயத்துக்காரி, மணிலாவிலிருந்து வந்து ரிட்டயர் ஆன நர்ஸ், அலபாமாவில் பிறந்து புரூக்ளினில் வார்டு கிளார்க்காக இருந்த கறுப்பினப் பெண்மணி. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு, எடிசனில் என் வீட்டில். ஒரு எபிசோட் அரை மணி நேரம்தான். பேசி முடிக்க ஐந்து ஆகும்.

அதில் சிரிப்பும் உண்டு. டேப்பை வெட்டி ஒட்டுவது அப்போது பெரிய செலவாம், அதனால் நடிகர் வசனத்தில் தடுக்கினாலும் அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து மைக்கின் நிழல் விழுந்தால் மணிலாக்காரி “எக்ஸ்ரே!” என்று கத்துவாள். நர்ஸ் தொப்பி வந்துவிட்டால் மட்டும் டிவியை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குக் கஞ்சி போட்டுத் துவைத்த கதை, டாக்டர் வந்தால் எழுந்து நின்று நாற்காலி கொடுத்த கதை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஊதிய சிகரெட்டுக்கு ஆஷ்டிரே கழுவிய கதை என்று கிளம்பிவிடும்.

ஒரு வியாழக்கிழமை சிரிப்பு இல்லை. நோயாளி உள்ளே படுத்திருக்கிறார். டாக்டர் அவர் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். அவருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அந்தக் காலத்து சீரியலில் இது சாதாரணம். கோட்டயத்துக்காரி “சரிதான், சொன்னால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும்” என்றாள். மணிலாக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. அலபாமாக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எங்கள் ஊரில் நானூறு ஆண்களுக்கு ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொல்லி நாற்பது வருஷம் வேடிக்கை பார்த்தார்களே, அதுவும் பாதி உயிரைக் காப்பாற்றத்தானா?” என்று கேட்டாள். டஸ்கீகியைச் சொல்கிறாள். 1932லிருந்து 1972 வரை, சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு அதைச் சொல்லாமலும், பென்சிலின் வந்தபிறகும் கொடுக்காமலும் அரசாங்க டாக்டர்களே நடத்திய ஆராய்ச்சி. கோட்டயத்துக்காரி பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். 1978. அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். அண்ணனிடமிருந்து ஏர் லெட்டர் வந்தது. “வயிற்றில் கேன்சர். டாக்டர் நம்மிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். நீயும் அல்சர் என்றே எழுது.” எழுதினேன். டாக்டர் பெண்டாட்டி அல்லவா, கூடவே புத்திமதியும் எழுதினேன்: காரம் கூடாது, ஊறுகாய் தொடவே கூடாது, மோர் நிறைய சாப்பிடுங்கள். ஐந்து மாதத்தில் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. ஒரு நாள் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: “நீ எழுதினாய் என்று கடைசிவரைக்கும் நாரத்தங்காயைத் தொடவில்லையடி. தட்டில் வைத்தால்கூட, பெண்ணுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாள் என்று எடுக்கச் சொல்லிவிடுவார்.”

நாரத்தங்காய் இல்லாமல் அப்பா ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மகள் பிறகு தேடிச் சொன்னாள். 1961ல் அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டபோது 100க்கு 90 பேர் கேன்சரை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே எங்கள் பழக்கம் என்றார்களாம். 1979ல் கேட்டபோது 97 பேர் சொல்லிவிடுவோம் என்றார்களாம். எங்கள் சீரியல் ஓடிய காலத்தை ஒட்டித்தான் இந்தப் புரட்டல் நடந்திருக்கிறது. கதையில் எந்த இடத்தில் டாக்டர் வராந்தாவை விட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார் என்று இப்போது நான்கு கிழங்களும் கவனித்துக்கொண்டிருக்கிறோம். 1971 வரை வந்திருக்கிறோம்; இன்னும் உட்காரவில்லை. பிறகு ஹாலிவுட் நட்சத்திரங்களான இரண்டு பேர் இந்தத் தொடரில் நடித்தார்கள்: கேத்லீன் டர்னர் வருவதற்கு 1978 ஆக வேண்டும், அலெக் பால்ட்வின் வர 1980. அதற்குள் உட்கார்ந்துவிடுவார் என்பது மணிலாக்காரியின் பந்தயம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் அப்பாவைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள். 1963 ஏப்ரல் 1 என்ற திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உறையூர்க்காரி,
எடிசன், நியூ ஜெர்சி