முதலில் முகம் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ நேர்காணல் என்றாலே எந்தச் சட்டை போடுவது என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். சட்டை இருக்கட்டும், முதலில் முகம் தெரிய வேண்டுமே! ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், பின்னால் இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அதே ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால் பகலில் தனி விளக்கே தேவைப்படாது. லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்தால் மூக்குத் துவாரம்தான் தெரியும், அடியில் நாலு தடிப் புத்தகங்களை வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அப்புறம் பார்வை. திரையில் இருக்கும் முகத்தைப் பார்த்தே பேசினால் எதிரில் இருப்பவருக்கு நாம் குனிந்திருப்பது போலத் தெரியும். பதில் சொல்லும்போதாவது லென்ஸைப் பார்க்க வேண்டும். கஷ்டம்தான், கண் நம் முகத்துக்கே ஓடும். ஜூம் செயலியில் நம் படத்தை நமக்கு மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, பயன்படுத்தலாம். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, குரல் விட்டுவிட்டுக் கேட்டால் வேலைக்கு ஆகாது. சாதாரண வயர் இயர்போனே போதும்.

கேள்வி கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் கேமராவை அணைத்துவிட்டு, வெறும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து ஒருவர் இயல்பாகச் சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்