விஷமுறிவு மருந்தோடு கண்ணாடிக் குழாயும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் தமிழ்நாடு அரசு 2024-இல் சேர்த்ததை, அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு இருந்தால்தான் விஷமுறிவு மருந்து உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனால், அம்மருந்து யாருக்குத் தேவை என்று தீர்மானிக்க உதவும் சாதாரணச் சோதனைக்குழாயைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை என்பதே என் கவலை.

நெல் வயல்களில் உழவர்களைக் கடிக்கும் கண்ணாடி விரியனின் விஷம், ரத்தம் உறைவதற்கான காரணிகள் எனப்படும் புரதங்களில் ஐந்தாவதையும் பத்தாவதையும் தூண்டிவிடுகிறது. சுருட்டை விரியனின் விஷமோ நேரே புரோத்ராம்பின் என்ற உறைவுப் புரதத்தைத் தூண்டுகிறது. இரண்டிலும் ரத்தத்தைக் கட்டியாக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வீணாகச் செலவழிந்து, பிறகு ரத்தம் உறையவே முடியாத நிலை வருகிறது. ஈறுகள் கசியும், சிறுநீரில் ரத்தம் போகும், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் கசிவு நிற்காது. மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால், இந்த அறிகுறிகள் வெளியே தெரியும் முன்பே குழாயில் உண்மை தெரிந்துவிடும்.

சோதனை மிக எளிது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் அடியில் கட்டியாக நிற்கும்; விஷம் ஏறிய ரத்தம் தண்ணீர்போல ஓடிவரும். இடையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயைப் பயன்படுத்துவதும் முடிவைக் கெடுத்துவிடும். இன்று ஆய்வகங்களில் நிறைந்திருக்கும் பிளாஸ்டிக் குழாய் இதற்கு அறவே உதவாது. கண்ணாடியின் பரப்புதான் உறைவைத் தொடங்கி வைக்கிறது என்பதால், பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று நம்மை ஏமாற்றலாம். அப்படி ஏமாந்து, தேவையற்றவருக்கு ஏற்றப்படும் மருந்தால் கடும் ஒவ்வாமை உண்டாகக்கூடும். மேலும், அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் உயிரைப் பணயம் வைத்துப் பாம்புகளைப் பிடித்து எடுத்துத் தருவது. அதில் ஒரு குப்பிகூட வீணாகக் கூடாது.

முதல் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்டது என்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது; விஷம் மெதுவாகவும் ஏறக்கூடும் என்பதால் ஒரு நாள் வைத்திருந்து திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். மருந்து ஏற்றியவர்களுக்கு 6 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பது முறை. விஷம் முறிந்த பின் கல்லீரல் புதிய உறைவுப் புரதங்களைச் சுரக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

ஆகவே, விஷமுறிவு மருந்து இருப்பு வைக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அம்மருந்துடன் சேர்த்தே புதிய கண்ணாடிக் குழாய்களும் இருப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆய்வகம் பூட்டியிருக்கும் இரவு வேளைகளிலும் அவை அவசரப் பிரிவிலேயே கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். பணியிலிருக்கும் செவிலியர்கள் அனைவருக்கும் இச்சோதனையில் பயிற்சி தர வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் சோதனை செய்த நேரத்தையும் முடிவையும் எழுதுவதைக் கட்டாயமாக்குமாறு பொது சுகாதாரத் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விழுப்புரம் மாவட்டம்.