மலைக் கவிதைக் கூட்டத்தை மண்டபத்துக்குள் அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

இலங்கை மலையகத்தில் திறந்தவெளியில் நடக்கும் கவிதைக் கூட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மழை, பனி, அட்டைக்கடி எல்லாவற்றையும் காரணம் காட்டி, இனி நகர மண்டபத்திலேயே நடத்தலாம் என்று முடித்திருந்தார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம்.

ஆடி மாதம் அப்புத்தளைப் பக்கம் ஒரு பத்தனையில், அதாவது மலைப் புல்வெளியில், நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடம். தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் காலத்தில் மேற்கே மழை கொட்டும், கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், பனிமூட்டம் மட்டும் முகட்டைத் தாண்டி வந்து இறங்கும். முதலில் வாசித்த தம்பி காற்றைப் பார்த்து நின்றார். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விறகுக்கட்டோடு அந்த வழியாக வந்த ஒரு அம்மா, சுமையை இறக்காமலே, "அந்தப் பக்கமா போய் காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க தம்பி, சத்தம் தானா இவங்ககிட்ட வந்து சேரும்" என்றார். நிரை பிடித்துக் கொழுந்து பறித்து, மலைக்கு மலை குரல் கொடுத்துப் பழகியவர் அல்லவா! தம்பி சுற்றிப் போய் நின்றார். அப்புறம் கடைசியில் இருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது. அம்மாவும் விறகை இறக்கி வைத்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் இருந்து கேட்டார்.

அவர் மண்டபத்துக்கு வருவாரா? சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால், கொழுந்து மலையில் நிற்கிற யார்தான் வர முடியும்?

நமக்கு வெளியில் பாட்டுக் கேட்பது புதுப் பழக்கமும் இல்லை. மாசி மாதம் காமன் கூத்து தப்பு முழங்க விடிய விடிய நடப்பது தோட்டத்துப் பொட்டலில்தான். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த நாட்டார் பாடல்களும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் மலையிலும் வாய்வழியாக வாழ்ந்தவைதாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டத்தை ஹோர்ட்டன் சமவெளியில் வைக்கலாம் என்று சில நண்பர்கள் ஆசைப்படுகிறார்கள். அங்கே வேண்டாம். 1988 முதல் அது தேசியப் பூங்கா, 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் ஊறுகிற இடம். நாலைந்து பேராகப் போய், மரை மேய்வதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்ப வேண்டிய காடு அது. கூட்டத்துக்குத் தோட்டத்து ஓரத்துப் பத்தனைகளே போதும். அங்கேயும் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் வேண்டவே வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றால் சரி. அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் சவர்க்காரமும் கொண்டு வந்தால் ஆயிற்று. காகிதம் பனியில் நனைந்துவிடும் என்பதால், கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு வருவது நல்லது. நனைந்த தாளோடு திணறியவர்களில் நானும் ஒருத்தி.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள். திகதியை ஒரு மாதம் முந்தியே, தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அப்புத்தளை