கணவாய் சாவது களைப்பினால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த இதழின் கடல் கட்டுரையில், கணவாய் தன் முட்டைகளுக்குக் காவலிருந்து, பட்டினி கிடந்து, களைத்து உயிரை விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிக் காவலிருப்பது எட்டுக் கைகள் உள்ள பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). உடலுக்குள் ஓடு உள்ள ஓட்டுக்கணவாய் (கட்டில்ஃபிஷ்) பாசியிலோ கயிற்றிலோ ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆனாலும் அதுவும் செத்துத்தான் போகிறது. அப்புறம் எப்படி இதைத் தாயின் தியாகம் என்பது?

பேய்க்கணவாயின் மூளைக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கும் கண்சுரப்பிதான் சினையை முதிர வைக்கிறது என்று 1959-இல் மார்ட்டின் வெல்ஸ், ஜாய்ஸ் வெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1977-இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட பேய்க்கணவாயிடமிருந்து அந்தச் சுரப்பியை அகற்றினார். அது அடைகாப்பதை விட்டது, மறுபடி இரை தின்றது, கூடுதல் காலம் வாழ்ந்தது. களைப்புதான் காரணம் என்றால் இது நடந்திருக்காது. 2018-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தச் சுரப்பியில் எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று கட்டம் கட்டமாகப் பார்த்தார்கள். இணைசேர்ந்து இன்னும் வேட்டையாடும் பருவத்தில் இரை தேடலோடு தொடர்புள்ள மரபணுக்கள் ஓங்கியிருந்தன; கடைசிக் கட்டத்தில் அவை தணிந்து, ஸ்டீராய்டு, இன்சுலின் சார்ந்தவை ஏறின. சினையைப் பழுக்க வைக்கும் அதே சுரப்பியே முடிவையும் கொண்டுவருகிறது. ஓட்டுக்கணவாய்க்கும் இந்தச் சுரப்பி உண்டு. அதன் சினைப்பையிலும் சுரப்பியிலும் மரபணுக்கள் மாறும் வரிசையைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சந்தையில் ஓட்டுக்கணவாய் அறுக்கும்போது பாருங்கள்: முதிர்ந்த பெட்டையின் வயிற்றில், மைப்பையை ஒட்டி, வெள்ளை வெளேரென்று இரண்டு கொழுத்த சுரப்பிகள் இருக்கும். முட்டைக்கு உறை போடுபவை அவை. அவ்வளவு பெரிதாக இருந்தால் முட்டையிடும் நேரத்தில் பிடிபட்ட கணவாய் என்று அர்த்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கர்நாடகக் கடலில் தென்னங்குலைகளைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அவற்றில் முட்டையிட வரும் ஓட்டுக்கணவாயைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். குமரி மாவட்டத்து மீனவர்களும் அங்கே போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல விலை கிடைக்கும் மீன், கஷ்டப்பட்டுப் பிடிக்கிறார்கள். ஆனால் கணவாய்க்கு வாழ்நாளில் முட்டையிடும் பருவம் ஒன்றே ஒன்றுதான். இடும் முன் பிடிபட்டால் அடுத்த வருஷம் என்பது அதற்குக் கிடையாது.

அந்த மீனவர்களிடமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரிடமும் பேசி, குலைகளில் முட்டையிடும் சில வாரங்களுக்காவது தூண்டிலை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– வாசகர், தூத்துக்குடி