எதிரணி பிசியோவுக்கும் எங்களோடு நின்ற அனைவருக்கும்

வணக்கம்.

கடைசி ஆட்டம் முடிந்து, உடைமாற்றும் அறையின் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த கையோடு, அணித்தலைவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் கால்பந்து கிளப் கடனில் மூழ்கி மூடப்படும் நிலைக்கு வந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடியும் கிளற மனமில்லை. சம்பளம் நின்ற பிறகும் பருவம் முடியும்வரை பதினொரு பேரைக் களத்தில் இறக்க முடிந்ததே, அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி எதிரணியைச் சேர்ந்த ஒருவருக்கு. வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் எங்கள் பிசியோ வேறு வேலைக்குப் போயிருந்தார். அவருக்கும் குடும்பம் உண்டு, குறை சொல்ல மாட்டேன். கடைசி ஆட்டத்துக்கு முன் எங்கள் நடுக்கள வீரர், மிச்சமிருந்த ஒரே டேப் சுருளை வைத்துக்கொண்டு, சுளுக்கிய கணுக்காலைத் தாமே சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது எதிரணியின் பிசியோ கதவைத் தட்டிவிட்டு, தோளில் பையோடு உள்ளே வந்தார். "உங்களுக்கு ஆளில்லை என்று கேள்விப்பட்டேன். யார் யாருக்குக் கட்ட வேண்டும்?" என்றார். வீரர் சுற்றியிருந்ததை மெல்லப் பிரித்தார். பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தச் சொல்லி, தோல் உரியாதபடி மெல்லிய நுரைப்பட்டையைச் சுற்றி, குதிகாலுக்கு அடியில் உட்புறமிருந்து வெளிப்புறமாகத் தாங்குபட்டைகளை இழுத்து ஒட்டி, அதன்மேல் எட்டு வடிவில் சுற்றி முடித்தார். பிறகு கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு, இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்த பின்னரே அடுத்தவரை அழைத்தார்.

நாங்கள் ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டவர்கள். வென்றால்தான் மேற்பிரிவில் நீடிக்கலாம் என்ற நிலையில் இருந்ததோ அவர்கள் அணி. எங்களில் ஒருவர் நொண்டினால் ஆதாயம் அவர்களுக்குத்தான். நான் தயங்கித் தயங்கி நன்றி சொன்னபோது, "எங்கள் பையன்கள் முழு பலத்தோடு இருக்கும் அணியோடுதான் மோத வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மானத்துக்காக ஆடுவது எங்களுக்குள் நாங்களே எடுத்துக்கொண்ட முடிவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எதிரில் நிற்பவர் நம்மை ஓர் அணியாக மதிக்காவிட்டால் அந்த மானத்துக்குக் களத்தில் இடமே இல்லை என்பது அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது.

சீருடைகளைத் துவைத்துத் தந்தவர்கள், புல்தரையைக் காயவிடாதவர்கள், வெளியூர் ஆட்டங்களுக்குத் தங்கள் வண்டிகளில் ஏற்றிச்சென்ற ரசிகர்கள், இடைவேளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர்கள் எல்லோருக்கும் என் சக வீரர்கள் சார்பில் நன்றி.

சக வீரர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் 2018 முதல் இடமளிக்கின்றன. அந்த உரிமை கையிலிருந்தும் ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. 2015-இல் இத்தாலியின் பார்மா கிளப் திவாலானபோது, மாதக்கணக்கில் சம்பளம் காணாத அதன் வீரர்கள் அந்நாட்டின் முன்னணி அணியான யுவென்டஸை 1–0 என்று வீழ்த்தியதும், அணித்தலைவர் அலெஸ்ஸாண்ட்ரோ லுக்கரெல்லி நான்காம் பிரிவுவரை இறங்கிப்போய், 2018-இல் கிளப் முதல் பிரிவுக்குத் திரும்பத் தகுதி பெறும்வரை உடனிருந்ததும் எங்கள் அறையில் அடிக்கடி அடிபட்ட பேச்சு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பணத்தைப் பார்க்காமல் ஆடினார்கள்" என்று எங்களைப் பாராட்டுகிறீர்கள், மனம் நெகிழ்கிறது. எனினும் அந்தப் பாராட்டை, நிலுவையைத் தராமல் தட்டிக்கழிக்க யாரும் சாக்காக்கிவிடக் கூடாது. உழைத்ததற்கான கூலியைக் கேட்பதால் மானம் குறைவதில்லை. எங்களுக்காவது அடுத்த பருவத்தில் வேறொரு கிளப் கிடைக்கலாம். சீருடை துவைத்தவருக்கும் புல்தரையைப் பார்த்துக்கொண்டவருக்கும் அந்த வாய்ப்பும் இல்லை. அவர்களுடைய பாக்கி முழுவதும் தீரும்வரை எங்கள் பங்கில் ஒரு காசும் வாங்குவதில்லை என்று வீரர்கள் அனைவரும் கையொப்பமிட்டு, கிளப்பின் கணக்கைத் தீர்க்க நியமிக்கப்பட்டவரிடம் கொடுத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
அணித்தலைவன்