ஓகஸ்டில் எந்தக் கடல்? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆறு ஹோட்டல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆறும் அழகுதான். ஆனால் அதில் ஐந்து பெந்தோட்டைக்கும் காலிக்கும் இடையில், இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கின்றன. நீங்கள் ரொறன்ரோவிலிருந்து வருவதோ ஜூலைக் கடைசியில், நிற்பது ஓகஸ்ட் நடுப்பகுதி வரை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஐந்தையும் விட்டுவிடு.

மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, நேரே அந்தக் கரையில்தான் வந்து மோதும். மழை நாள் முழுக்கப் பெய்யாது, இடையிடையே நல்ல வெயிலும் எறிக்கும். அதனால் ஃபோனில் வானிலையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. குறை கடலில் இருக்கிறது. அலை கரைக்குக் கிட்ட வந்து உயர்ந்து உடையும். மணல் அரிபட்டு, இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் ஆழமாகிவிடும். சிவப்புக்கொடி பல நாள் இறங்காது. நீ பார்த்த படங்களில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடப்பது அவை டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எடுக்கப்பட்டவை என்பதால். ஓகஸ்டில் அங்கே விலை இறங்கிக் கிடப்பதற்கும் காரணம் இந்தக் கடல்தான். அதே கரையில், அகுங்கல்லவில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டலின் நீச்சல் தடாகம் கடலோடு சேர்ந்து ஒன்றாய்த் தெரியும், பார்க்க வேண்டிய இடம். ஆனால் சோளகக் காலத்தில் போனால் பிள்ளைகளுக்குத் தடாகம் மட்டும்தான், கடல் கண்ணுக்கு மட்டும்.

எந்தக் கரைக்குப் போனாலும் ஒன்றைப் பழகிக்கொள். பிள்ளைகளை இறக்க முன்னம் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பார். அலைகள் வெள்ளையாக உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கல் மணலும் அந்த வழியால் வெளியே போய்க்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் இதுதான் குளிக்க வசதியான இடம் என்று நினைப்பார்கள். கரையில் அடித்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் வாய்க்கால் அது. அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும். இதை மருமகனுக்கும் சொல்லிவை.

ஓகஸ்டுக்கு ஏற்ற கடல் கிழக்கில் இருக்கிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை எழும்பாது. திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியா, மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாவா என்றால், சின்னவனுக்கு நாலு வயது என்றபடியால் நான் பாசிக்குடா என்றுதான் சொல்வேன். வெளியே பவளப்பாறை வரம்பு அலையை மறித்துவிடும். நூறு மீற்றர் நடந்து போனாலும் உனக்கு இடுப்பளவுதான் தண்ணீர். நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு அது அலுப்பாக இருக்கும், அதை முதலே சொல்லிவிடுகிறேன். பெயரிலேயே பாசி இருக்கிற குடா, சில காலையில் கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கும். உடைந்த பவளமும் காலில் குத்தும், இரண்டு பிள்ளைகளுக்கும் ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் சப்பாத்து வாங்கி வா.

நிலாவெளி நீண்ட திறந்த கடற்கரை, ஆழமும் சீக்கிரம் வரும். அங்கே படகேறினால் கிட்டத்தில் புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக்கியது. பவளத்துக்கு மேலே முகமூடி போட்டு மிதந்து மீன் பார்க்க மூத்தவளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இரண்டு இடத்தையும் ஒரே பயணத்தில் அடுக்காதே. ஒரே இடத்தில் நாலு இரவு நிற்பதுதான் பிள்ளைகளுக்கு ஓய்வு.

கச்சானில் ஒரு ஆபத்தும் உண்டு. கடல் அமைதியாகக் கிடக்கிறதே என்று காற்றடித்த அன்னத்திலோ மெத்தையிலோ பிள்ளையை விட்டால், காற்று அதை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் மிதவை நீ நடப்பதைவிட வேகமாகப் போகும். மிதவையெல்லாம் தடாகத்தில் மட்டும். கடலில் இடுப்பில் பூட்டும் உயிர்காப்பு அங்கி போதும். அதை ரொறன்ரோவிலேயே பிள்ளையின் நிறைக்கு வாங்கு, இங்கே ஹோட்டல்களில் சின்ன அளவு கிடைப்பது அரிது.

நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். முதல் மூன்று நாள் பிள்ளைகள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இருப்பார்கள், பின்னேரம் ஆறு மணிக்குக் கண் சொருகும். கிழக்குக் கரைக்கு அது நல்லதே. ஆறு மணியளவில் சூரியன் கடலிலிருந்து எழும், ஒன்பது மணி வரை மணலில் விளையாடலாம். பத்துக்குப் பிறகு மணலில் கால் வைக்க ஏலாது. நாலு மணிக்குப் பிறகு வெயில் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். இரவுச் சாப்பாடுதான் இடைஞ்சல். பல ஹோட்டல்களில் பஃபே ஏழரைக்குத்தான் திறக்கும். பிள்ளைகளுக்கு ஆறரைக்கு உறைப்பில்லாத சோறும் பருப்பும் கோழியும் அறைக்குத் தருவார்களா என்று முதலே கேள். பாசிக்குடாவில் ஹோட்டல் வரிசைக்கு வெளியே நடந்து போய்ச் சாப்பிடக் கடைகள் குறைவு. ஆகவே காலையும் இரவும் சேர்ந்த திட்டத்தை எடு. மூன்று வேளையும் வேண்டாம், வெயிலில் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்.

அறை விஷயத்தில் "பக்கத்து அறை" வேறு, "இடைக்கதவுள்ள அறை" வேறு. நீங்கள் ஓரறையிலும் நாங்களும் மூத்தவளும் மற்றதிலும் என்றால் இடைக்கதவு வேண்டும், அதுவும் கீழ்த்தளத்தில், அம்மாவின் முழங்காலுக்கு. இணையத்தில் பதியும்போது குறிப்புப் பெட்டியில் எழுதுவது வெறும் வேண்டுகோள்தான். அறை எண்ணோடு உறுதி எழுதித் தரச் சொல்லு. நீ ஆசைப்பட்ட, வாசலிலேயே குட்டித் தடாகம் வைத்த வில்லா எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலடி தூரத்தில் தண்ணீர். வேலியில்லை, கதவின் கொளுக்கி நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அது தேனிலவுக்கு வருகிறவர்களுக்காகக் கட்டியது. பொதுத் தடாகத்தில் பிள்ளைகளின் பகுதி அரை மீற்றருக்கு மேல் போகக் கூடாது, பெரிய தடாகத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பகலில் நிழலும் விழ வேண்டும்.

விலையில் ஏமாறாதே. எழுதியிருக்கும் தொகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 200 டொலர் அறைக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 220. அதன் மேல் 18 வீத வற் (பெறுமதி சேர்) வரி, 259 டொலர் 60 சதம். நாலு இரவுக்கு 800 என்று நினைத்தது 1,038 ஆகும், சின்னச் சின்ன வேறு வரிகளும் உண்டு. ஆகவே எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடு. எங்கள் அறையை நீ அங்கிருந்து பதியாதே. அடையாள அட்டை உள்ளவர்களுக்கு உள்ளூர் விலை என்று தனியாக உண்டு, அது இணையத்தில் அநேகமாகத் தெரியாது. நான் நேரே ஹோட்டலுக்கு ஃபோன் எடுத்துக் கேட்கிறேன்.

விமர்சனங்களை மொத்தப் புள்ளியாக வாசிக்காமல், ஓகஸ்டில் நின்று போனவர்கள் எழுதியதை மட்டும் பிரித்து வாசி. அவர்கள் போட்ட படங்களில் கடலையும், தடாக ஓரத்து ஓடுகளையும், குளிரூட்டியையும் பார். உப்புக் காற்று முதலில் தின்பது அவற்றைத்தான். துருவும் பெயர்ந்த ஓடும் தெரிந்தால் பராமரிப்பு இல்லை.

விமானம் இரவில் இறங்குகிறது. அன்றே வாகனத்தில் ஏறாமல் நீர்கொழும்பில் ஓர் இரவு படுத்து, காலை ஏழு மணிக்குக் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வெளிக்கிடுங்கள். பிள்ளைகளோடு நின்று நின்று வர ஏழு மணித்தியாலமாவது வேண்டும். ஹபரணைக்கு இந்தப் பக்கம் இருட்டிய பிறகு யானை ரோட்டைக் கடக்கும், ஆகையால் பொழுதோடு வந்து சேர வேண்டும். ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தத் திருவிழா. அந்த நாட்களில் மட்டக்களப்புப் பக்கம் சனம் நிறையும், நாளைப் பார்த்துவிட்டுத் திகதியைத் தீர்மானி.

ஆறில் மிஞ்சிய அந்தப் பாசிக்குடா ஹோட்டலுக்கு இன்றே எழுது: இடைக்கதவு, கீழ்த்தளம், சின்னத் தடாகத்தின் ஆழம், ஆறரை மணிச் சாப்பாடு, வரியோடு மொத்தத் தொகை, பணத்தைத் திருப்பித் தரும் கடைசித் திகதி. பதில் வந்ததும் காசு கட்டாமல் எனக்கு அனுப்பு. சப்பாத்து வாங்கும்போது சின்னவனுக்கு ஓர் அளவு பெரிதாக எடு, ஓகஸ்டுக்குள் கால் வளர்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா