குடியிருப்போர் நலச் சங்கம், கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், கொசு மருந்து குறித்து நாம் கொடுத்த மனுக்களின் நிலை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆண்டு முழுவதும் அதிக நேரத்தையும் அதிக வாக்குவாதத்தையும் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு: வீடுகளில் வேண்டாமல் கிடக்கும் பொருள்களைச் சங்கம் வாங்கிப் பிரித்து அனுப்புவது. இந்த அறிக்கை அதைப் பற்றியது.

கொடுப்பது ஒரு வேலை, கழிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தால்தான் சிக்கல். "இல்லாதவர்கள் ரிப்பேர் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஓடாத மிக்ஸியைத் தருகிறார்கள். ரிப்பேர் செலவுக்கு வழியில்லாத வீட்டில் அது பரண் ஏறும், அவ்வளவுதான். எனவே இந்த ஆண்டு முதல், வாங்கும் இடத்திலேயே பிளக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம்.

சேகரிப்பு மே கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் மட்டுமே. மே மாதம், பள்ளி திறக்கும் முன் பை, டிபன் பாக்ஸ், மேசை, சைக்கிள் ஆகியவற்றுக்குத் தேவை இருக்கும் என்பதற்காக. ஜனவரி, போகிக்கு முன்பே பழையதை வாங்கிவிட்டால் தெருவில் எரிவது குறையும் என்பதற்காக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதுவும் வாங்குவதில்லை. மழைக்காலத்தில் சங்க அறையில் துணி பூசணம் பிடிக்கும். கடற்காற்றில் இரும்புக் கட்டிலும் பீரோவும் துருவேறும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அப்போது, மழைக்காலத்தில் வாங்குவதில்லை என்ற விதியைத் தளர்த்தச் சொல்லிப் பலர் கேட்டார்கள். புதுப் பாய், போர்வை, உள்ளாடை, பாத்திரம் மட்டும் வாங்கினோம். பழைய துணியை வாங்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் என்ற பெயரில் கரையோரம் முழுக்கப் பழைய துணி குவிந்து, எடுக்க ஆளில்லாமல் சாலையோரம் கிடந்ததைப் பார்த்த ஊர் இது. வெள்ளத்தில் நனைந்த ஃபோம் மெத்தை, சோபா ஆகியவற்றையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே சாக்கடை நீர் இருக்கும்.

மின்சாதனங்களில் எது தேறும், எது தேறாது என்று உறுப்பினர்கள் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர்தான் காரணம், 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றியும் உறுமினால் பேரிங். கருகிய வாடை வந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது என்று பொருள். அது தானத்துக்கு ஆகாது. மிக்ஸியில் மோட்டாருக்கு முன் ஜார்தான் போகும்: புஷ் தேய்ந்து அடியில் கசியும், ஜாரை மோட்டாருடன் இணைக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கும். ஜார் இல்லாத மிக்ஸியைக் கொண்டுவராதீர்கள். குக்கரில் கேஸ்கட், சேஃப்டி வால்வு, அதே கம்பெனி வெயிட் மூன்றும் இருக்க வேண்டும். அடி உப்பிய குக்கர் நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான். கேஸ் அடுப்பை டியூப் இல்லாமல் கொடுங்கள். ரப்பர் டியூப்பை ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாம் என்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம். தானம் செய்ய முடியாது.

பெரிய தலைவலி பழைய டிவி. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஓடினாலும் வாங்க ஆளில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு, படக்குழாயை உடைத்துக் கெடிலம் ஆற்றங்கரையில் கொட்டிவிடுவார்கள். அந்தக் குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கண்ணாடி சிதறும். ஆகவே பின்மூடியைக் கழற்றாமல், ஒயரை வெட்டாமல், முழுதாகக் கொண்டுவந்தால் மட்டும் வாங்குகிறோம். சாக்கு விரித்து, திரை கீழே இருக்கும்படி அடுக்கி வைக்கிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போக வேண்டும். ஒன்றிரண்டு பெட்டிக்காக அவர்கள் வருவதில்லை, ஒரு வண்டிச் சுமை சேர வேண்டும். அதுவரை அறையில் இடம் அடைபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் தருபவர்கள் சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு, கூகுள் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் மறுபடியும் பழைய கணக்கையே கேட்டு நிற்கும்; வாங்கியவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். எடையைக் குறைக்க ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்ப்பவர்கள் உண்டு. அது கந்தக அமிலம். ஈயமும் சேர்ந்தே போகும். நிமிர்த்தியபடியே புதுப் பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, கதவைத் திறந்து இரண்டு நாள் காயவிட்டு, நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்து ஏற்றிவிட்டால், இறக்கிய இடத்தில் சில மணி நேரம் நிற்கவிட்ட பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். கழிக்கும் ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

துணியைப் பற்றிச் சுருக்கமாக: துவைத்து, பட்டன் ஜிப் சரிபார்த்து, ஆண், பெண், குழந்தை என்று பிரித்துக் கட்டுங்கள். மடிப்பு, பாக்கெட், புடவைத் தலைப்பு முடிச்சு எல்லாவற்றையும் பாருங்கள், மூக்குத்தி வந்திருக்கிறது. கிழிந்த பருத்தித் துணியை மெக்கானிக் ஷெட்டில் விரும்பி வாங்குவார்கள். சிந்தெடிக் புடவை எண்ணெயை உறிஞ்சாது, அங்கேயும் வேண்டாம் என்பார்கள். பள்ளிப் பாடநூல்களில் 2018-க்கு முந்தைய பதிப்புகள் பாடத்திட்டம் மாறியதால் மாணவர்களுக்கு உதவாது. போட்டித் தேர்வு நூல்கள்தான் உடனே போகின்றன.

இந்த வேலையில் மனத்துக்கு நிறைவு தந்தது நோயாளி உபகரணங்களின் அலமாரி. வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, காற்று மெத்தை ஆகியவற்றை வீட்டில் தேவை முடிந்ததும் சங்கத்தில் வைத்தால், அடுத்த வீட்டுக்கு இரவலாகப் போகிறது. இறந்தவர் பயன்படுத்தியது என்று சிலர் தயங்குவார்கள். கொடுப்பவர் அதை மறைக்க வேண்டாம். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். திரும்பி வரும் பொருளைச் சோப்பு நீரில் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் விட்டால் இரும்பு அரித்துப்போகும். வாக்கர், கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றாமல் கொடுக்கவே கூடாது. மொசைக் தரையில் அது வழுக்கினால் இடுப்பு எலும்பு போகும்.

பழைய சாமி படங்களை அரசமரத்தடியிலும் கோயில் சுவரோரமும் ஆற்றங்கரையிலும் வைத்துவிட்டு வரும் வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும். மழையில் சட்டம் உளுத்து, கண்ணாடி உடைந்து, தூய்மைப் பணியாளர்களின் கையைக் கிழிக்கிறது. வீட்டிலேயே சட்டம், கண்ணாடி, படம் என்று பிரித்துவிடுங்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் பிரேம் கடையில் கொடுக்கலாம். காகிதப் படத்தைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் செடிக்கடியில் புதைக்கலாம். லேமினேட் செய்த படம் மக்காது. பிளாஸ்டிக்கோடுதான் சேர்க்க வேண்டும்.

காலாவதி மருந்து, ஊசி, சி.எஃப்.எல் விளக்கு, டியூப்லைட், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகவே குறிப்பிட்டிருந்தன. சங்கம் இவற்றை வாங்காது. இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கையில் கொடுங்கள். தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உருண்டைகள் பொடிந்து பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள்.

பொதுக்குழுவின் முடிவுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன். இலவம் பஞ்சு மெத்தையைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, புது உறை தைத்துத் தர மெத்தைக் கடைகள் இருக்கின்றன. அவை நமக்குச் சுமையில்லை. ஃபோம், ரப்பர் காயர் (ரப்பர் கலந்த தென்னை நார்) மெத்தைகளை எடுத்துச் செல்லத்தான் வண்டி வாடகை சங்கப் பணத்திலிருந்து போகிறது. அடுத்த சேகரிப்பு முதல் இவற்றைக் கொண்டுவருபவரே வாடகையைக் கட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. மூட்டைப்பூச்சி இருக்கும் மெத்தையை, வாடகை கட்டினாலும் வாங்குவதில்லை.

செயலாளர்